ரெஃப்யூஜியத்தில் பாசி வாடுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

ரெஃப்யூஜியத்துக் கடற்பாசியை, அதாவது கடல்நீர் மீன்தொட்டியோடு இணைத்த தனி அறையில் வளர்க்கும் பாசியை, நாம் ஒரு வடிகட்டியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். நைட்ரேட்டைத் தின்ன வேண்டும், பாஸ்பேட்டைத் தின்ன வேண்டும், அவ்வப்போது ஒரு கை நிறையப் பிடுங்கித் தர வேண்டும். அதற்கும் பசி உண்டு, வெயில் சுடும், கூட்டத்தில் மூச்சு முட்டும் என்பதெல்லாம் அது வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அப்போதும் பலர் முதலில் செய்வது தண்ணீர் மாற்றுவது, மீன் உணவைக் குறைப்பது. அங்கேதான் சிக்கல். பாசி வாடுவதற்குப் பல நேரம் காரணம் பட்டினி. நாமோ அழுக்கு கூடிவிட்டது என்று நினைத்து, மிச்சமிருந்த சாப்பாட்டையும் வாரி வெளியே கொட்டுகிறோம்.

டெஸ்ட் கிட்டை எடுப்பதற்கு முன்

இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நிறமாற்றம் எங்கே தொடங்கியது? எவ்வளவு வேகமாக வந்தது?

ஒரே இரவில் வந்தது என்றால் அதிர்ச்சியாகவோ நஞ்சாகவோ இருக்கும், இல்லையென்றால் அந்தப் பாசி இனப்பெருக்கத்துக்குப் போயிருக்கும். சில நாளில் வந்தது என்றால் விளக்கு, நீரோட்டம், வெப்பம் ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம். மூன்று நான்கு வாரமாக மெல்ல மெல்ல வந்தது என்றால் பெரும்பாலும் ஊட்டக் குறைவு. அதேபோல விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்தால் ஒரு கதை, பாசிப் பந்தின் நடுவில் மட்டும் பழுத்தால் இன்னொரு கதை, எல்லா இடமும் ஒரே சீராக வெளிறினால் வேறு கதை.

அப்புறம் கையால் தொட்டுப் பாருங்கள். நல்ல கீட்டோமார்ஃபா (பந்தாகச் சுருண்டு வளரும் பச்சை இழைப்பாசி), அதாவது நம் எல்லோர் வாயிலும் 'கீட்டோ', மெல்லிய மீன்பிடி நரம்பைப் போல முறுக்காக இருக்கும். பிழிந்து விட்டால் விரிந்துகொள்ளும். வாடிய கீட்டோ நனைந்த பஞ்சு மாதிரி கையிலேயே படுத்துவிடும். முகர்ந்தும் பாருங்கள். கடல் வாடை அடித்தால் பயமில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே ஆக்சிஜன் இல்லாத ஒரு மூலை உருவாகி, ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது என்று அர்த்தம்.

கடைசியாக, இரண்டு வாரத்துக்குள் என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். புது விளக்கா? டைமரில் நேரம் மாறியதா? பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையைப் புதிதாகப் போட்டீர்களா? வோட்காவோ வினிகரோ ஊற்றிக் கார்பன் டோசிங் (பாக்டீரியாவுக்குத் தீனி போட்டு நைட்ரேட்டைக் குறைக்கும் முறை) ஆரம்பித்தீர்களா? மருந்து ஏதாவது? 'ஒன்றுமே மாற்றவில்லை' என்று முதலில் சொல்லி, பத்து நிமிடம் கழித்து 'ஆமாம், அந்த மருந்து மட்டும்...' என்று இழுக்கும் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நானே சொல்லியும் இருக்கிறேன்.

சரி, இப்போது அளவுகள். உப்பு அடர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், அல்கலினிட்டி (அமிலத்தைச் சமாளிக்கும் திறன்) 7 முதல் 11 டிகேஹெச் அலகு, நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். பவளம் வளர்க்கும் தொட்டிக்கும் பாசிக்கும் இரண்டுக்குமே இந்த எல்லைகள் ஒத்துவரும். ரெஃப்யூஜியம் உள்ள அறையிலேயே தண்ணீர் எடுத்துச் சோதியுங்கள். வெப்பத்தையும் அங்கேயே அளவிடுங்கள், ஏனென்றால் ஆழமில்லாத அந்த அறை விளக்குச் சூட்டில் தொட்டியைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: முழுப் பந்தும் ஒரே சீராக வெளிறுகிறது

கரும்பச்சையாக இருந்த கீட்டோ சில வாரங்களில் மஞ்சள் கலந்த இளம்பச்சைக்கு வந்துவிடும். உள், வெளி, மேல், கீழ் என்ற வித்தியாசம் இருக்காது. இழை மெலிந்து, லேசாக இழுத்தாலே பொடிப்பொடியாக உடையும். இது பசி. எந்தச் சத்துக்கான பசி என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது நைட்ரஜன். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கடலின் மிதவை உயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் 106:16:1 என்ற அணு விகிதத்தில் இருப்பதை ரெட்ஃபீல்டு விகிதம் என்கிறார்கள். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934-ல் தொடங்கி வைத்த ஆராய்ச்சி அது. மீன்தொட்டிக்காரர்கள் பலரும் அந்த எண்ணைத்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மிதவை உயிர்களுக்கானது. தரையில் ஒட்டி வளரும் கடல் தாவரங்களையும் பாசிகளையும் ஆராய்ந்து 1983-ல் அட்கின்சன், ஸ்மித் இருவரும் வெளியிட்ட கணக்கில் நடுத்தர விகிதம் 550:30:1 என்று வந்தது. பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் நைட்ரஜன் முப்பது பங்கு.

இதை டெஸ்ட் கிட் மொழிக்கு மாற்றினால், பாசி 0.1 பிபிஎம் பாஸ்பேட்டை இழுக்க வேண்டுமானால் கூடவே ஏறத்தாழ 2 பிபிஎம் நைட்ரேட்டையும் இழுத்தாக வேண்டும். உங்கள் தொட்டியில் பாஸ்பேட் 0.2, நைட்ரேட் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் பாதிக்கு இறங்கும்போதே நைட்ரேட் காலி. அதற்குமேல் பாசி வளராது, மிச்சப் பாஸ்பேட்டும் இறங்காது.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். நைட்ரேட் கிட்டில் நிறமே எழவில்லை, பாஸ்பேட் மட்டும் 0.25-ல் அசையாமல் நின்றது. பாஸ்பேட் அதிகமாயிற்றே என்று உணவை இன்னும் குறைத்தேன். பாசி மேலும் வெளுத்தது. கடைசியில், கொஞ்சம் பயத்தோடுதான், நைட்ரேட்டைக் கையால் கொடுக்கத் தொடங்கினேன். பத்து நாளில் இழைகள் கருத்தன. அதன் பிறகே பாஸ்பேட் இறங்க ஆரம்பித்தது.

நீங்களும் கொடுக்க வேண்டிவந்தால் முதல் வழி எளிது: மீனுக்குச் சற்று அதிகம் போடுங்கள், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரை ஒரு வாரம் பாதி நேரம் மட்டும் ஓட்டுங்கள். அது போதவில்லை என்றால் தூய பொட்டாசியம் நைட்ரேட் அல்லது சோடியம் நைட்ரேட். ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட் 100 லிட்டர் தண்ணீரில் சுமார் 6 பிபிஎம் நைட்ரேட்டை ஏற்றும். சோடியம் நைட்ரேட் என்றால் 7-க்குச் சற்று மேல். ஆகவே 100 லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போட்டால் 2 பிபிஎம் ஏறும். அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். லிட்டர் கணக்கில் பாறையும் மணலும் பிடித்த இடத்தைக் கழிக்க மறக்காதீர்கள். தோட்டத்துக்குப் போடும் கலப்பு உரம் கூடவே கூடாது. அதில் செம்பு இருக்கலாம், இறாலும் நத்தையும் செத்துப்போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கிட்டில் பூஜ்யம் காட்டினாலே பட்டினி என்று முடிவு கட்டாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியத்தைப் பாசி நேராகவே எடுத்துக்கொள்ளும், நைட்ரேட்டைவிட அதைத்தான் விரும்பவும் செய்யும். மீன் நிறைந்த தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம், பாசி கரும்பச்சை என்றால் எதையும் தொடாதீர்கள். இரண்டாவது, பிரதானத் தொட்டியில் பாறை மேல் மயிர்ப்பாசி செழித்திருக்க, ரெஃப்யூஜியம் மட்டும் வாடலாம். அங்கே ஊட்டம் இல்லாமல் இல்லை. அது கீழே வருவதற்கு முன்பே மேலே பந்தி முடிந்துவிடுகிறது. அந்த மயிர்ப்பாசியைக் கையால் பிடுங்கி, ரெஃப்யூஜியம் விளக்கின் நேரத்தைக் கூட்டி, கீழே ஓடிவரும் தண்ணீரையும் கூட்ட வேண்டும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கிறது, ஆனாலும் வெளிறல் தொடர்கிறது என்றால் அடுத்த சந்தேகம் இரும்பு. காற்று கலந்த கடல்நீரில் இரும்பு கரைந்த நிலையில் அதிக நேரம் நிற்காது, துருவாகப் படிந்துவிடும். திறந்த கடலின் மேற்பரப்பிலேயே அது ஒரு பிபிபி-க்கும் (நூறு கோடியில் ஒரு பங்கு) குறைவுதான். வீட்டு டெஸ்ட் கிட்டில் அந்த அளவு தெரியாது என்பதால் சோதித்துக் கண்டுபிடிக்கும் பேச்சே இல்லை. கீலேட் செய்த (படியாமல் கரைந்தே நிற்கும்படி பிணைத்த) இரும்புக் கரைசலை, புட்டியில் எழுதியிருப்பதில் பாதி அளவு போட்டு ஒரு வாரம் பாருங்கள். இழை கருத்தால் பசி இரும்புக்குத்தான். கருக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இரும்பு மிஞ்சினால் அது உங்கள் பாசிக்கு மட்டுமல்ல, வேண்டாத பாசிக்கும் விருந்து.

அறிகுறி: விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுக்கிறது

பந்தைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் நல்ல பச்சை, மேல்பக்கம் வைக்கோல் நிறம் என்றால் விளக்கு சுடுகிறது. செடி வளர்ப்புக்கான சிவப்பு-நீல எல்இடி விளக்குகளை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்ட இடங்களில் இது வழக்கம். நம் கண்ணுக்கு அந்த ஊதா வெளிச்சம் மங்கலாகத் தெரியும். 450, 660 நானோமீட்டர் வாக்கில் பச்சையத்துக்கு அது உச்சிவெயில். கண்ணை நம்பி 'இன்னும் கொஞ்சம் கூட்டலாமே' என்று திருகிவிடுவோம்.

விளக்கை இரண்டு பங்கு உயரத்துக்குத் தூக்குங்கள், அல்லது வீரியத்தைப் பாதியாக்கி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். நேரத்தை 12 மணிக்குள் வையுங்கள். முழுக்க வெண்ணிறமாகிவிட்ட இழை திரும்பாது, அதைக் கத்தரித்துவிடலாம். கீட்டோவில் ஒரு வசதி, அதன் இழை வரிசையாகக் கோத்த தனித்தனிச் செல்களால் ஆனது. ஒரு பக்கம் செத்தாலும் மறுபக்கம் பாட்டுக்கு வளரும்.

அறிகுறி: வெளியே பச்சை, உள்ளே பழுப்புக் கூழ்

இது பாசி நன்றாக வளர்ந்ததால் வந்த நோய். அடர்ந்த பந்தில் வெளிச்சம் சில சென்டிமீட்டர்கூட உள்ளே போகாது. நடுவில் உள்ள இழைகள் இருட்டில் செத்து, மீன் கழிவும் உணவுத் துணுக்கும் அங்கே வந்து சேர்ந்து மக்கத் தொடங்குகின்றன. பாசி இழுத்த சத்தை நடுப்பகுதி திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறது. வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தும் நைட்ரேட் இறங்கவில்லை என்று புலம்புபவர்கள் பந்தைப் பிளந்து பார்த்தால் விடை கிடைக்கும்.

தண்ணீர் மாற்றும் நாளில் எடுத்த பழைய உப்புநீரை ஒரு பக்கெட்டில் வைத்துக்கொண்டு, பந்தை அதில் முக்கி அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் பாசி ஒருவேளை பிழைக்கும். அதற்குள் வாழும் கோப்பிபாடு, ஆம்ஃபிபாடு என்ற குட்டி இறால் போன்ற உயிர்கள் பிழைக்காது. ரெஃப்யூஜியம் வைத்ததே அவற்றுக்காகவும்தானே. செத்த நடுப்பகுதியைப் பிய்த்து எறியுங்கள். மிச்சத்தில் பாதிக்கு மேல் அறுவடை செய்து, இருப்பதைத் தளர்வாகப் பிரித்துப் போடுங்கள். பந்துக்குள் கைவிரல்கள் எளிதாகப் போய்வர வேண்டும். அதுதான் என் அளவுகோல்.

நீரோட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெஃப்யூஜியத்தில் தண்ணீர் சொட்டுச்சொட்டாகப் போனால்தான் பாசிக்குச் சத்தை உறிஞ்ச 'நேரம்' கிடைக்கும் என்று ஒரு பழைய உபதேசம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் இடத்தில் ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் நின்றது என்பது பொருட்டே இல்லை. பாசியின் மேல் ஒட்டி நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் சத்து தீர்ந்துவிட்டால் அடுத்த கவளம் வர ஓட்டம் வேண்டும். பந்து மெதுவாக உருளும் அளவு நீரோட்டம் தரும் ஒரு சிறு பவர்ஹெட் பம்பு வையுங்கள். எல்லாப் பக்கமும் முறை வைத்து வெளிச்சம் பார்க்கும், அழுக்கும் தங்காது.

அறிகுறி: காலெர்ப்பா ஒரே இரவில் கண்ணாடி போல ஆகிவிட்டது

இதுதான் எல்லோரையும் பதறவைக்கும் காட்சி. நேற்றுவரை பச்சைக் கொடியாக இருந்தது, காலையில் வெள்ளைத் தோல் மட்டும் மிதக்கிறது, தண்ணீர் பச்சைப் பால் போலக் கலங்கியிருக்கிறது, ஸ்கிம்மர் கோப்பை பொங்கி வழிகிறது.

காலெர்ப்பா என்ற இந்தக் கொடிப்பாசியின் உடல் அமைப்பு விசித்திரமானது. இலை, தண்டு, வேர் என்று நாம் பார்க்கும் அத்தனையும் தடுப்புச் சுவரில்லாத ஒரே செல். உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். இனப்பெருக்கத்துக்குப் போகும்போது அந்தச் செல்லின் உள்ளடக்கம் முழுவதும் பாலணுக்களாக மாறி வெளியேறிவிடும். தாய்ச்செடி என்று ஒன்று மிஞ்சாது, வெறும் தோல்தான். இயற்கையிலும் அப்படித்தான். பனாமாவின் பவளத்திட்டுகளில் காலெர்ப்பா, ஹாலிமீடா வகைப் பாசிகள் விடிகாலையில் கூட்டம் கூட்டமாக இப்படிப் பாலணுக்களை விடுவதை விவரித்து 1997-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உங்கள் தொட்டியில் நடந்ததும் அதே சடங்குதான், இடம் மட்டும் நெருக்கடியான இடம்.

முதல் நாளே அடையாளம் தெரியும், பார்க்கத் தெரிந்தால். இலையின் பச்சை ஒரு பக்கமாகத் திரண்டு வலைப்பின்னல் போலத் திட்டுத்திட்டாகும், சில இலைகளின் மேல் குட்டிக் குட்டி முளைகள் எழும். அந்த நிலையில் பார்த்துவிட்டால் யோசிக்காமல் அந்தக் கொடியை முழுவதும் எடுத்து வெளியே போடுங்கள். மறுநாள் வரை காத்திருந்தால் அது இத்தனை மாதம் சேர்த்துவைத்த சத்து மொத்தமும் தண்ணீரில்.

ஏற்கெனவே நடந்துவிட்டதா? பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள். மிதக்கும் தோல்களை வலையால் அள்ளுங்கள். காற்றுக்கல்லைப் போடுங்கள், ஏனென்றால் மக்கும் பொருளுக்கு ஆக்சிஜன் நிறையத் தேவைப்படும், அன்றிரவு மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கக்கூடும். ஸ்கிம்மர் வழிந்தாலும் நிறுத்தாதீர்கள். கோப்பையை அடிக்கடி காலிசெய்யுங்கள். புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, 20 முதல் 25 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். அடுத்த மூன்று நாள் அம்மோனியாவைச் சோதியுங்கள். நான் பார்த்தவரை ஓரிரு நாளில் தெளிந்துவிடுகிறது. மீன் செத்தது என்றால் அது ஆக்சிஜன் குறைந்த இரவில்தான்.

தொட்டியில் இதை எது தூண்டுகிறது என்பதில் ஆளுக்கொரு கருத்து. ஊட்டம் திடீரெனத் தீர்வது, உப்பு அடர்த்தியோ வெப்பமோ குதிப்பது, விளக்கு நேரம் மாறுவது, அறுவடை செய்யாமல் அடர விடுவது ஆகியவற்றைத்தான் அடிக்கடி சொல்வார்கள். 24 மணி நேரமும் விளக்கெரித்தால் தடுக்கலாம் என்று பலர் அப்படியே வைத்திருக்கிறார்கள். நான் அதைவிட ஒழுங்கான அறுவடையையே நம்புகிறேன். அறுவடையிலும் ஒரு பக்குவம் வேண்டும். ஒரே செல் என்பதால் கத்தரிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அது கொஞ்சம் சாறு கசிந்துதான் காயத்தை அடைத்துக்கொள்ளும். இலை இலையாக நறுக்காமல், ஓடும் தண்டோடு முழுக் கொடியாக இழுத்து எடுங்கள்.

எடுத்ததை எங்கே போடுவது என்பதும் முக்கியம். சாக்கடையிலோ கடலோரத்திலோ கொட்டாதீர்கள். காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா 1984-ல் மொனாக்கோ கரையருகே காணப்பட்டு மத்தியதரைக் கடலில் பரவியது. 2000-த்தில் அதே வகை கலிஃபோர்னியாவின் அகுவா எடியோண்டா காயலில் தென்பட்டபோது, தார்ப்பாய் போர்த்தி உள்ளே குளோரின் செலுத்தித்தான் கொன்றார்கள். முழுதாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. துண்டு ஒன்று போதும், வேரூன்றிவிடும். நன்றாக வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

அறிகுறி: மேலே ஏதோ படிந்திருக்கிறது

படிவின் நிறத்தையும் பிடிமானத்தையும் பாருங்கள். தட்டினால் தூசி மாதிரி கலைவது வெறும் அழுக்கு அல்லது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியிலும், ஆர்ஓ வடிகட்டியின் ரெசின் தீர்ந்து சிலிக்கேட் வரும்போதும் டயாட்டம் சகஜம். கருஞ்சிவப்புத் தோலாக உரிந்து வருவது சயனோபாக்டீரியா. ஓட்டம் செத்த மூலையில் அழுக்கு தேங்கினால் வரும். பழுப்புச் சளியாக நூல்விட்டு, நடுவில் காற்றுக் குமிழ்களோடு தொங்குவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். இது வந்த தொட்டியில் பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் கிடக்கும். முதல் அறிகுறியில் சொன்ன பட்டினியின் அடுத்த கட்டம் என்றே வைத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்து இன்னும் சுத்தம் செய்யப் போனால் இன்னும் பெருகும்.

எதுவானாலும் படிவு வெளிச்சத்தை மறைத்து அடியில் உள்ள பாசியைக் கொல்கிறது. பக்கெட்டில் அலசுவது, ஓட்டத்தைக் கூட்டுவது, ரெஃப்யூஜியத்தின் அடியில் சேர்ந்த வண்டலைச் சைஃபன் குழாயால் உறிஞ்சுவது, மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது. மயிர்ப்பாசி கீட்டோவோடு பின்னிக்கொண்டால் மட்டும் பிரிக்க முயன்று பொழுதைக் கழிக்காதீர்கள். சுத்தமான ஒரு கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறியுங்கள். பின்னியிருப்பது கிளைகிளையாகப் பிரிகிறதா என்றும் பாருங்கள். கீட்டோ இழை கிளைக்காது. கிளைத்தால் அது கிளாடோஃபோரா. பிரதானத் தொட்டிக்குள் போய்விட்டால் ஆண்டுக்கணக்கில் தொல்லை.

அறிகுறி: புதிதாகப் போட்டது இரண்டு நாளில் கரைகிறது

பையில் இருட்டில் நெருக்கி அடைத்து வந்த பாசி பாதி செத்தே வந்திருக்கும். வந்ததும் முகர்ந்து, குழைந்ததைக் கழித்துவிட்டு, நல்லதை மட்டும் மெதுவாகத் தொட்டித் தண்ணீருக்குப் பழக்குங்கள். முதல் வாரம் விளக்கு பாதி வீரியம் போதும். வேறொருவர் தொட்டியில் நைட்ரேட் 30-ல் வளர்ந்தது உங்கள் தொட்டியில் 1-க்கு வந்தால் கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். அதைக் கரைவதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: சிவப்புப் பாசி ஆரஞ்சாகிறது, மஞ்சளாகிறது

கிராசிலேரியா போன்ற சிவப்புப் பாசிகளுக்கு நிறம் தருவது ஃபைக்கோஎரித்ரின் என்ற புரத நிறமி. அது நிறமி மட்டுமல்ல, பாசியின் நைட்ரஜன் சேமிப்புக் கிடங்கும்கூட. பஞ்சம் வந்தால் பாசி கிடங்கைத் திறந்து தின்னத் தொடங்கும், சிவப்பு போய்விடும். அதிக வெளிச்சத்திலும் இதே நிறமி குறையும். ஆகவே பச்சைப் பாசிக்குச் சொன்ன அதே பிரிப்புதான் இங்கும்: மேல்பக்கம் மட்டுமா, முழுவதுமா? நிழல்பட்ட கிளையும் சேர்ந்து மஞ்சளானால் நைட்ரஜன். வெளிச்சம் பட்ட நுனி மட்டும் என்றால் விளக்கு. கீட்டோவுக்கு ஏற்ற விளக்கு இவற்றுக்குப் பெரும்பாலும் அதிகம். ஒரே அறையில் இரண்டையும் வளர்ப்பவர்கள் சிவப்பை ஓரத்து நிழலுக்குத் தள்ளிவிடுங்கள்.

அறிகுறி: ஹாலிமீடா வெள்ளையாகிறது

கீழ்த்தட்டுகள் ஒவ்வொன்றாக வெளுத்து, நுனியில் புதுப் பச்சைத் தட்டு வந்துகொண்டிருந்தால் அது முதுமை, விடுங்கள். புதுத் தட்டே வரவில்லை என்றால் கால்சியத்தையும் அல்கலினிட்டியையும் பாருங்கள். சுண்ணாம்பால் உடல் கட்டும் பாசி இது, கால்சியம் 400-க்கு மேல் வேண்டும். செடி முழுவதும் ஒரே நாளில் வெளுத்து, விளிம்பில் பச்சை மணிகள் தொங்கினால் காலெர்ப்பாவுக்குச் சொன்னதையே செய்யுங்கள்.

அறிகுறி: நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் குறைந்துகொண்டே போகிறது

யாரோ தின்கிறார்கள். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பாறையோடு வந்த நண்டு, கடல் முள்ளெலி, கடல் முயல் என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். காலெர்ப்பா மட்டும் குறைகிறது என்றால் சாறு உறிஞ்சும் சிறு கடல் நத்தைகளைத் தேடுங்கள். அவை பாசியின் பச்சை நிறத்திலேயே இருப்பதால் பகலில் கண்ணில் படாது. யாரும் அகப்படவில்லையா? ரிட்டர்ன் பம்பின் வாயைத் திறந்து பாருங்கள். உடைந்த இழைகள் அங்கே உருண்டு கிடக்கலாம்.

அறிகுறி: எல்லா வகையும் ஒரே சமயத்தில் குழைகிறது

பச்சை, சிவப்பு என்று பாராமல் எல்லாம் ஒன்றாகச் சரிந்தால் சத்தைத் தேடாதீர்கள். பாசிக்கொல்லி மருந்து, பிரையாப்சிஸ் என்ற தொல்லைப் பாசிக்குப் போட்ட மருந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு, செம்பு, குளோரின் நீக்காத தண்ணீர், ஆவியான தண்ணீரை ஈடுகட்டும் டாப்-ஆஃப் மிதவை நின்றுபோனதால் ஏறிய உப்பு, 30-ஐத் தாண்டிய வெப்பம் இவற்றில் ஒன்று இருக்கும். குழைந்ததை அன்றே எடுங்கள், கார்பன் போடுங்கள், தண்ணீர் மாற்றுங்கள். காரணம் நீங்கும்வரை புதுப் பாசி வாங்கிப் போடுவது வீண்.

எதிலும் பொருந்தவில்லை என்றால்: மூன்று பாட்டில் சோதனை

வாடும் பாசியில் ஓரளவு நன்றாக இருக்கும் மூன்று சிறு கொத்துகளை எடுத்து மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் போடுங்கள். முதலாவதில் தொட்டித் தண்ணீர். இரண்டாவதில் புதிதாகக் கலந்த உப்புநீர். மூன்றாவதில் அதே புது உப்புநீரோடு 5 பிபிஎம் அளவுக்கு நைட்ரேட்டும் மிகச் சிறிதளவு பாஸ்பேட்டும். மூன்றையும் நேர்வெயில் படாத ஒரே ஜன்னலோரத்தில் வைத்து, தினம் இரண்டு முறை குலுக்குங்கள். பத்து நாள்.

மூன்றுமே தேறினால் தண்ணீரில் குற்றமில்லை. ரெஃப்யூஜியத்து விளக்கையோ ஓட்டத்தையோ சூட்டையோ சரிசெய்யுங்கள். மூன்றாவது மட்டும் கருத்தால் பசி. முதலாவது மட்டும் வாடி மற்ற இரண்டும் நிமிர்ந்தால் தொட்டித் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது, அல்லது இரும்பு போன்ற சிறுசத்துகளில் ஒன்று தீர்ந்திருக்கிறது; பெரிய தண்ணீர் மாற்றமும் புதுக் கார்பனும் போடுங்கள். இந்த ஓர் இடத்தில்தான் தண்ணீர் மாற்றுவது முதல் மருந்து. மூன்றும் செத்தால், அந்தப் பாசி உங்களிடம் வந்தபோதே முடிந்த கேஸ். வேறு தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.